ஆயிரத்து இருபத்து நாலுக்கு மேல்

தொர்கிஸ் லூபிஸ் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ஜாவாவின் பாண்டுங் நகரத்தில் அவன் வேலை பார்த்த அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. அவன் போனை எடுத்து "ஹலோ" என்றால், கீழே தெருவில் பொரித்த மீன் உருண்டை விற்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். சுற்றிலும் அந்தப் பக்கத்து மண்ணின் மக்களான சுந்தாக்காரர்கள். கோபத்தில் திட்டுவதென்றாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிற ஜனம். அவர்கள் நடுவில் சுமத்ராவின் மண்டாய்லிங் மலைப்பக்கத்திலிருந்து வந்த இந்த ஆள், நூலகத்தில் புகுந்த பேண்டு வாத்தியம் மாதிரி இருந்தான்.

அவன் மனைவி ரெங்கானிஸும் அதே அலுவலகம்தான். அவன் தரவுத்தளத்தைக் கட்டிக் காப்பவன், அவள் அதைச் சோதித்துப் பார்ப்பவள். அவள் சுந்தாக்காரி, காருத் ஊர். அவள் பேசுவது பக்கத்து நாற்காலிக்குக் கேட்க வேண்டுமென்றால் மின்விசிறியை நிறுத்த வேண்டும். இந்த இரண்டும் எப்படி ஒன்று சேர்ந்தது என்று அலுவலகத்தில் கேட்காதவர்கள் இல்லை. சேர்ந்த கதை சின்னது. அவன் வந்த புதிதில் ஏதோ ஒன்றைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது, மூலையிலிருந்து இவள், "அளந்து பார்த்தீங்களா, அபாங்?" என்று கேட்டாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு கூரை அதிரச் சிரித்தான். அன்றைக்கு விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவளுக்கு அவன் அபாங், மூத்தவரைக் கூப்பிடுகிற சொல்; அவனுக்கு அவள் நெங், இளையவளைச் செல்லமாகக் கூப்பிடுகிற சொல்.

ஆண்களை பாக், பெண்களை இபு என்று மரியாதையாகக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். நிறுவனத்தை நடத்திய பாக் குசுமா கெட்டவர் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் உள்ளங்கையை நீட்டி, "நம்பர் எங்கே?" என்பார். வானம் இருட்டுகிறது, ஜன்னலைச் சாத்தலாமா என்றால்கூடக் கேட்பார் என்று அலுவலகத்தில் கேலி. அந்தக் கேள்விக்குக் கையில் எப்போதும் பதில் வைத்திருந்தவள் ரெங்கானிஸ் ஒருத்திதான். அதனால் அவள் வார்த்தைக்கு அங்கே தனி மரியாதை.

அந்த வருடம் ஒரு பெரிய பஸ் கம்பெனியின் வேலை வந்தது. நோன்புப் பெருநாளுக்கு ஜாவாவே ஊர் திரும்பும். டிக்கெட் விற்பனை திறக்கிற காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத் தட்டுவார்கள். ஒரே சமயத்தில் ஐயாயிரம் பேர் வந்தால் தாங்குமா? கம்பெனிக்காரர்களுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

"ஆயிரத்தைந்நூறு," என்றான் தொர்கிஸ். "அதுக்கு மேல ஒருத்தன் வந்தாலும் மூச்சு முட்டிச் செத்துரும்."

"நம்பர் எங்கே?" பாக் குசுமாவின் கை நீண்டது.

"சொன்னேனே பாக், ஆயிரத்தைந்நூறு."

"அது நீங்க சொல்ற நம்பர். அளந்த நம்பர் எங்கே?"

"என் வயித்துக்குள்ள இருக்கு, அறுத்தா எடுத்துக் காட்ட முடியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்தத் தரவுத்தளம் பிறந்த நாளிலிருந்து அவன் கையில்தான் வளர்ந்தது. ஒருவர் ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்ததும் அந்த பஸ்ஸின் வரிசையையே அது பூட்டிவிடும். அவர் பணம் கட்டி முடிக்கிறவரை மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். நிற்கிறவர்கள் பெருகினால் நிற்பதற்கே இடம் இல்லாமல் எல்லாம் நின்றுபோகும். அந்தப் பகுதியைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும், ஒன்றரை மாதம் ஆகும் என்றான். ஒன்றரை மாதம் என்றதும் கம்பெனிக்காரர்கள் முகம் சுண்டிவிட்டது. சோதித்து எண்ணைக் கொண்டுவரச் சொல்லி வேலை ரெங்கானிஸிடம் வந்தது.

அவளிடம் இருந்தது உலகமெங்கும் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்துகிற ஒரு சோதனைக் கருவி. போலி வாடிக்கையாளர்களை உண்டாக்கித் தரவுத்தளத்தின் மேல் ஏவிவிடும். ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று கணக்கெடுத்துச் சொல்லும். ஐயாயிரம் பேரைக் கேட்டாள். முடியாது என்றது. ஆயிரத்து இருபத்து நாலுக்கு மேல் ஒரு ஆளைக்கூட அது ஏவாது. அந்த எல்லை அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

எழுதியிருந்தால் என்ன, மாற்றி எழுதலாம். இப்படிப்பட்ட கருவிகளின் உள்கட்டு திறந்தே கிடக்கும். ரெங்கானிஸ் திறந்து பார்த்தாள். ஒரே ஒரு வரி. ஆயிரத்து இருபத்து நாலு இருந்த இடத்தில் ஆறாயிரம் என்று போட்டாள். கருவியை மறுபடி கட்டினாள். கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அந்த எண் அங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. எதிரே வருகிறவரையெல்லாம் அளந்தீர்களா என்று கேட்கிறவள், இதை மட்டும் கேட்காமல் விட்டாள். பழைய காலத்துச் சின்ன இயந்திரங்களுக்காக யாரோ வைத்துவிட்டுப் போன எல்லை என்று நினைத்துக்கொண்டாள். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் உள்ள வியாதி இது. தரவுத்தளத்தைச் சந்தேகப்படுவார்கள், வலைப்பின்னலைச் சந்தேகப்படுவார்கள், கட்டிய புருஷனைக்கூடச் சந்தேகப்படுவார்கள். கையில் இருக்கிற அளவுகோலை மட்டும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஐயாயிரம் பேரை ஏவினாள். தாங்கியது. சும்மா தாங்கவில்லை, அலட்டிக்கொள்ளாமல் தாங்கியது. காத்திருந்த நேரம் கண் இமைக்கிற நேரம்தான். நம்ப முடியாமல் மறுபடி ஓட்டினாள், அதே பதில். மறுநாள் ஓட்டினாள், அதே. தப்பான தராசில் எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எடைதான் காட்டும் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து அண்ணன் அனுப்பிய காப்பியைப் போட்டுக்கொண்டு தொர்கிஸ் அவள் திரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நெங், இது ரொம்ப அழகா இருக்கு."

"ஆமா."

"நல்ல அர்த்தத்துல சொல்லல. நிஜம் இவ்வளவு அழகா இருக்காது. நீ ஓட்டினப்போ நான் தரவுத்தளம் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஐயாயிரம் பேர் உள்ள வந்திருக்கான்னு கணக்கு சொல்லுது. ஆனா வேலை செய்யறவன் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். மிச்சப் பேர் சும்மா சுவத்துல சாஞ்சு நிக்கறானுங்க."

"நீங்க எட்டிப் பார்த்த நேரம் அப்படி இருந்திருக்கும்."

"ரெண்டு தடவை பார்த்தேன்டீ."

"நான் நிறைய தடவை ஓட்டிட்டேன், அபாங்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். அவனுக்குத் தணிந்த குரலும் உண்டு என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். "நெங், நாளைக்குக் கூட்டத்துல ரிசல்ட் வரல, இன்னும் கொஞ்ச நாள் வேணும்னு சொல்லு. ஏதோ சரியில்ல. என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா சரியில்ல. எனக்காக."

"ரிசல்ட் வந்துருச்சே. வரலன்னு எப்படிச் சொல்றது?"

"எனக்காகன்னு சொன்னேன்."

"உங்களுக்காக நான் பொய் சொல்லணுமா?"

அவன் கோப்பைக்குக் கை நீட்டினான். எடுத்துப் பார்த்தபோது காப்பி ஆறியிருந்தது. அதையே குடித்துவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் கூட்டத்தில் ரெங்கானிஸ் வரைபடத்தைக் காட்டியதும் கம்பெனிக்காரர்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பாக் குசுமாவின் முகத்தில் பெருநாள் முன்கூட்டியே வந்துவிட்டது. தொர்கிஸ் எழுந்து, சுவரில் சாய்ந்து நின்றவர்களைப் பற்றிச் சொன்னான். முதல் நாள் வீட்டில் சொன்னதையே மூன்று மடங்கு சத்தத்தில் சொன்னான். அதுதான் அவன் தவறு. அந்த ஊரில் சத்தமாகச் சொல்லப்படுகிற உண்மைக்கு மதிப்புப் பாதியாகிவிடும்.

"பாக் தொர்கிஸ், உங்க வீட்டம்மா நம்பரோட வந்திருக்காங்க," என்றார் பாக் குசுமா. "நீங்க வயித்தோட வந்திருக்கீங்க."

"வீட்லயும் இப்படித்தானா?" என்றார் கம்பெனிக்காரர்களில் ஒருவர். அறை முழுக்கச் சிரித்தது. தொர்கிஸும் சிரிக்க முயன்றான், முடியவில்லை.

"இது ஐயாயிரம் தாங்கிருச்சுன்னா நான் இந்த வேலைக்கே லாயக்கில்ல," என்றான்.

பாக் குசுமா சங்கடத்தோடு ரெங்கானிஸ் பக்கம் திரும்பினார். "இபு, நீங்களே சொல்லிடுங்க. நீங்க எதை நம்பறீங்க?"

தொர்கிஸ் அவளைப் பார்த்தான். அவன் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இன்னொரு முறை பார்க்கிறேன் பாக் என்று ஒரு வாக்கியம் போதும். அதில் பொய்கூட இல்லை. ரெங்கானிஸ் திரையைப் பார்த்தாள்.

"டெஸ்டைத்தான், பாக்," என்றாள்.

அதற்குப் பிறகு தொர்கிஸ் அந்த வேலையில் நீடிக்கவில்லை. நீக்கினார்கள் என்று சொல்ல முடியாது. பஸ் கம்பெனி வேலையிலிருந்து எடுத்து வேறு எதிலோ போட்டார்கள், அவனே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டில் சண்டை இல்லை. சண்டை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கத்துவான், பக்கத்து வீட்டு அம்மா சுவரைத் தட்டுவாள், இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். எப்போதும் அப்படித்தான் முடியும். இந்த முறை அவன் கத்தவில்லை. உப்பு இருக்கா, குடை எங்கே என்ற அளவில் பேச்சு சுருங்கியது. நோன்பு மாதம் பிறக்குமுன் தன் ஊரான பன்யாபுங்கானுக்கு, அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினான்.

"பெருநாளுக்கு நானும் வரட்டுமா?" என்று கேட்டாள்.

"உங்க அப்பா அம்மா காத்திருப்பாங்க. காருத்துக்குப் போ," என்றான். பிறகு பை வாரைச் சரிசெய்தபடி, "நான் உன்ன ஒண்ணும் குத்தம் சொல்லல, நெங்," என்றான். அந்தக் குரலில் குற்றம் சொல்லியிருந்தாலே தேவலை என்று அவளுக்கு இருந்தது.

டிக்கெட் விற்பனை ஒரு நோன்புக் காலையில் திறந்தது. திறந்த சற்று நேரத்தில் எல்லாம் நின்றுபோனது. ஆயிரக்கணக்கானவர்களின் போனில் வெள்ளைத் திரை. சிலருக்குப் பணம் போனது, சீட்டு வரவில்லை. ஒரே இருக்கை இரண்டு குடும்பத்துக்குப் போனது. டிக்கெட் கேட்டுப் பஸ் நிலையத்துக்கு ஓடி வந்த ஜனங்கள் தரையில் உட்கார்ந்து அழுததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ரெங்கானிஸ் அலுவலகத்தில் நின்றபடியே அதைப் பார்த்தாள். முதலில் மனதில் வந்தது அந்த ஜனங்கள்கூட இல்லை. "சொன்னானே, சொன்னானே" என்பதுதான்.

எல்லோருக்கும் அதுதான் தோன்றும் என்று நினைத்தாள். தோன்றவில்லை. சோதனை தேர்ச்சி என்று வரைபடம் இருக்கிறதே! தேர்ச்சி பெற்றது விழுந்ததென்றால் நடுவில் யாரோ கெடுத்திருக்க வேண்டும். நடுவில் போனவன் யார்? பாக் குசுமா அதை நேராகச் சொல்லவில்லை. "கோபத்தோட போனவர் எதை எப்படி விட்டுட்டுப் போனாரோ" என்று கம்பெனிக்காரர்களிடம் மட்டும் சொன்னார். அது போதும். பாண்டுங்கில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நாலு காப்பிக் கடைகளில்தான் உட்காருவார்கள். வாரம் முடிவதற்குள் தொர்கிஸ் லூபிஸ் வேலையைக் கெடுத்துவிட்டு ஓடியவன் என்று ஊர் வாய் முழுக்கப் பரவிவிட்டது. ஜகார்த்தாவில் அவனை வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்த இடமும் கதவைச் சாத்தியது. அதை அவன் சொல்லவில்லை. அந்த இடத்தில் வேலை பார்த்த ஒருத்தியிடமிருந்து அவளுக்குத் தெரிந்தது.

அவன் கெடுக்கவில்லை என்று அவள் அறிவாள். ஆனால் அவள் சோதனையும் பொய் இல்லையே. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. தன் சோதனை நின்றால் அவன் பெயர் போகும், அவன் பெயர் நிற்க வேண்டுமென்றால் தன் சோதனை பொய்யாக வேண்டும். இப்படி நினைத்துப் பார்த்தபோதுதான், வாழ்க்கையில் முதல் முறையாக, தான் அளந்த எண் தப்பாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள்.

அவள் அந்த ஒற்றை வரிக்குத் திரும்பி வந்தாள். எல்லை ஏன் ஆயிரத்து இருபத்து நாலு? கருவியைப் பராமரிக்கிறவர்கள் பேசிக்கொள்கிற பொது மின்மடல் குழுவில் கேட்டு எழுதினாள். இல்க்கா என்ற ஒரு பின்லாந்துக்காரர் பதில் எழுதினார். அதில் ஏச்சும் இல்லை, பேச்சும் இல்லை. அந்த எண் கருவியை எழுதியவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வைத்தது அல்ல. யார் பதில் சொல்லக் காத்திருக்கிறார்கள் என்று பார்க்க, இயங்குதளம் கருவிக்கு ஒரு தட்டு கொடுக்கிறது. அந்தத் தட்டில் ஆயிரத்து இருபத்து நாலு குழிகள்தான். அதற்கு மேல் ஆள் வந்தால் தட்டையே மாற்ற வேண்டும். எண்ணை மட்டும் மாற்றினால் கூடுதல் ஆட்கள் தட்டுக்கு வெளியே, பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் மேல் போய் விழுவார்கள்.

பக்கத்தில் எது இருந்தது என்று ரெங்கானிஸ் தேடிப் பார்த்தாள். யார் முடித்தார், யார் இன்னும் காத்திருக்கிறார் என்ற கணக்கு அங்கே இருந்தது. அவள் ஏவிய கூடுதல் ஆட்கள் அதன் மேல் விழுந்து, வந்த நொடியிலேயே எல்லோரும் வேலை முடித்ததாகக் கணக்கைத் திரித்துவிட்டார்கள். சீட்டு கேட்கவே இல்லை, கிடைத்ததாகப் பதிவு. ஆயிரத்து இருபத்து நாலு பேர்தான் உண்மையில் வேலை செய்தார்கள். மற்றவர்கள் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார்கள்.

அவன் சொன்ன அதே வார்த்தை. ரெங்கானிஸ் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அலுவலகத்தில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. பார்க்காத மாதிரி எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள்.

பிறகு வேலையை ஒழுங்காகச் செய்தாள். தட்டை மாற்றினாள். எத்தனை பேர் வந்தாலும் கொள்கிற வேறு வழியை எழுதி, எல்லையை உயர்த்தி, இல்க்காவுக்கு அனுப்பினாள். அவர் அங்கங்கே திருத்தச் சொன்னார், திருத்தினாள், ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கருவியில் எல்லை உயர்ந்தது. உலகத்தில் இனி யாரும் அந்தத் தப்பைச் செய்ய முடியாது. செய்த தப்பு அப்படியே இருந்தது.

புதுக் கருவியோடு, பழைய தரவுத்தளத்தின் நகல் மேல் மறுபடி ஏவினாள். ஆயிரத்தைந்நூறைத் தாண்டியதும் மூச்சு முட்டியது. கொஞ்ச நேரத்தில் செத்துப்போனது.

பாக் குசுமா அதைப் பார்த்ததும் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். "இபு, இதை நான் வெளியில சொன்னா நம்ம கடையை மூட வேண்டியதுதான்," என்றார் கடைசியில்.

"சொல்லலன்னா அவர் பேர் போகும், பாக்."

"ஏற்கெனவே போயாச்சே. அவர் வேற ஊர்ல இருக்கார். இங்க இத்தனை பேர் குடும்பம் இருக்கு."

"நான் சொல்லிக்கறேன். என் தப்புன்னே சொல்லிக்கறேன்."

சொன்னாள். பொது மடல் குழுவில் தன் பெயரிலேயே நடந்ததை எழுதினாள். பஸ் கம்பெனிக்கும் நேரே போய்ச் சொன்னாள். தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டவர் முதலிலிருந்தே சரியாகச் சொன்னார், சோதனை செய்த நான்தான் தவறு செய்தேன் என்றாள். அதோடு அவள் வேலையும் போயிற்று. அது அவளுக்கு உறைக்கவே இல்லை. பெருநாள் அன்று காருத்தில் அம்மா அப்பா காலடியில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள். எல்லோரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற நாள் அது. சித்திமார்கள், "மாப்பிள்ளை எங்கே, சத்தத்தையே காணோமே?" என்று சிரித்தபடி கேட்டார்கள். "ஊருக்குப் போயிருக்கார்," என்றாள். கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பு மிச்சம் இருந்தது. அதைப் போனில் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

பாடாங் வரை விமானம், அங்கிருந்து நாள் முழுக்க வேன். மலை ஏறி இறங்கிப் பன்யாபுங்கான் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தொர்கிஸின் அண்ணன் காப்பிக் கொட்டை வியாபாரி. வீட்டின் முன்பகுதியே கிடங்கு. தொர்கிஸ் தரையில் உட்கார்ந்து, அகலத் தட்டில் பச்சைக் கொட்டையைப் பரப்பிச் சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டான்.

"வேன்ல வாந்தி எடுத்தியா?"

"ரெண்டு தடவை."

"அந்த வளைவு அப்படி. உள்ள வந்து உக்காரு."

அவள் உட்கார்ந்த கையோடு மடிக்கணினியைத் திறந்தாள். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். தட்டு, குழிகள், வெளியே விழுந்த ஆட்கள், புதுச் சோதனை, பஸ் கம்பெனியில் சொன்னது, ஜகார்த்தாக்காரர்கள் மறுபடி பேசத் தயாராக இருப்பது. வரைபடத்தை அவன் பக்கம் திருப்பினாள். "பாருங்க அபாங், ஆயிரத்தைந்நூறுல விழுது. நீங்க சொன்ன அதே இடம். நீங்க சொன்னது சரி. நான்தான் தப்பு. என்னை மன்னிச்சுருங்க."

அவன் வரைபடத்தை நன்றாகப் பார்த்தான். தொழில்காரனின் சந்தோஷம் ஒரு நொடி அவன் முகத்தில் வந்தது. "சுவத்துல சாஞ்சு நின்னானுங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்றான். பழைய சத்தம். உள்ளேயிருந்து அண்ணி மஸ்தாலிஃபா எட்டிப் பார்த்தாள். ரெங்கானிஸுக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

"வாங்க, போயிரலாம்," என்றாள். "இப்ப எல்லாருக்கும் தெரியும்."

அவன் கணினியை மெல்ல மூடி அவள் மடியில் வைத்தான்.

"எல்லாருக்கும் தெரிஞ்சது சந்தோஷம்தான். அதுக்காக நீ பட்ட பாடும் தெரியுது. வேற யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க." கொஞ்ச நேரம் கொட்டைகளைக் கையால் அளைந்தான். "ஒண்ணு கேக்கறேன், கோபத்துல கேக்கல. இந்தப் புது டெஸ்டும் ஐயாயிரம் தாங்கும்னு சொல்லியிருந்தா?"

"அப்படிச் சொல்லலையே."

"சொல்லியிருந்தா, நெங். நான் சொன்னது தப்புன்னே ஆகியிருந்தா. நீ இவ்வளவு தூரம் வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள். எத்தனையோ பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள், அதில் ஒரு பாவமும் இல்லை. ஆனால் இவள் ரெங்கானிஸ். அந்த நோன்பு மாதத்தை நினைத்துப் பார்த்தாள். வெள்ளைத் திரை வந்த நாளிலிருந்து இங்கே வேன் ஏறிய நாள்வரை, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப அவளை யாரும் தடுக்கவில்லை. எண் வரட்டும், எண் வரட்டும் என்றுதான் காத்திருந்தாள். எண் வந்த பிறகுதான் கிளம்பினாள். அவன் தப்பாக இருந்திருந்தால் அவள் இந்நேரம் பாண்டுங்கில், அதே மேஜையில் உட்கார்ந்திருப்பாள். அவன் கேட்டதற்கு அதுதான் பதில். அவள் சொல்லவில்லை. சொல்லாமலே அது அவள் முகத்திலிருந்து அவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

"நீ பொய் சொல்ல மாட்ட," என்றான். "அதுக்காகத்தான் உன்னைக் கட்டினேன்."

அவள் அழுதாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான், ஆனால் கிளம்பலாம் என்று சொல்லவில்லை. வெளியே மசூதியில் மாலைத் தொழுகைக்கு அழைத்தார்கள். அவன் எழுந்து போனான்.

இருட்டியதும் மஸ்தாலிஃபா சாப்பிடக் கூப்பிட்டாள். இடித்த மரவள்ளிக்கீரையும் ஆற்று மீனும் சமைத்திருந்தாள். அந்த வீட்டில் எல்லோரும் வெறும் பாயில் வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அண்ணி அலமாரியிலிருந்து பூப்போட்ட புதுத் தட்டை எடுத்துத் துடைத்து, நல்ல பாயைத் தனியாக விரித்து, ரெங்கானிஸை அதில் உட்காரவைத்தாள். தொர்கிஸ் மீனில் பெரிய துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தான். "வேன் காலைல சீக்கிரமே வந்துரும்," என்றான். "நல்லாச் சாப்பிடு." எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு, விருந்தாளி முதல் கவளம் எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.